ஹாரன் இல்லாதவர்களுக்கும் தடைக்கம்பியைத் தூக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
திருமதி ஹெனி விடியானிங்சி,
கெமுனிங் சந்து, ஆற்றோர வீடு,
கம்போங் கெமுனிங்சாரி, சோலோ.

பெறுநர்:
உயர்திரு வட்டாரத் தலைவர் அவர்கள்,
கெமுனிங்சாரி வட்டார அலுவலகம், சோலோ.

பொருள்: கெமுனிங் சந்தின் வாயிலில் போடப்பட்டுள்ள இரும்புத் தடைக்கம்பி, கைக்குழந்தையும் நடக்கிற குழந்தையுமாக நடந்து செல்வோருக்கு ஆபத்தாக இருப்பது – உடனடி நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்காணும் விவரங்களைத் தங்கள் பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். விவரம் சற்று நீளமாக இருப்பதற்கு மன்னிக்கவும். சுருக்கமாகச் சொன்னபோது நடந்தது என்ன என்பது ஐந்தாம் பத்தியில் இருக்கிறது.

1. என் கணவர் அகுங், கடல் தாண்டிக் களிமந்தானில் ஒட்டுப்பலகை ஆலையில் வேலை செய்கிறார். நோன்புப் பெருநாளுக்குத்தான் ஊருக்கு வருவார். மகள் கினாசிக்கு இரண்டு வயது. மகன் தனு சென்ற மாதம் குறைமாதத்தில், அறுவை செய்து பிறந்தான். எடை போதவில்லை, உடம்பின் மஞ்சள் நிறமும் போகவில்லை என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் கொண்டுவந்து காட்டும்படி சுகாதார நிலையத்துச் செவிலியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சுகாதார நிலையம் எங்கள் சந்து முனைக்கு நேர் எதிரே, பெரிய சாலையின் மறுபக்கம் இருக்கிறது. முனையில் நின்றால் அதன் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். ஆகவே தூரத்தைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

2. நான் நடந்துதான் போகிறேன். தனுவைத் தோள்துணியில் மார்போடு கட்டிக்கொள்வேன், கினாசியைக் கையில் பிடித்துக்கொள்வேன். வாடகை மோட்டார் சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளை என்றால் ஏற்றிக்கொள்ளலாம், இரண்டு என்றால் பின்னால் யார் பிடிப்பது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நியாயமான கேள்விதான். கினாசியை அக்கம்பக்கத்தில் விட்டுப் போகலாமே என்று தெருக் கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். சந்தில் உள்ள பெண்கள் எல்லோரும் விடிந்ததும் பாத்திக் துணிப் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் வீட்டில் இருக்கும் பெண் ஒரே ஒருவர், அவரும் படுத்த படுக்கையாக இருக்கிறார். வேறு வழியாகப் போகலாமே என்றும் ஒருவர் சொன்னாராம். சந்தின் மறுமுனையில் ஆறு ஓடுகிறது என்பதை அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. சென்ற கோடையில் சந்தில் மோட்டார் சைக்கிள் திருட்டுப் போனது. அதனால் தெருத் தலைவர் பாக் ஹர்ஜோசோ அவர்கள் தலைமையில் கூடி, சந்து முனையில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி போட்டார்கள். ஆள் மார்பு உயரத்தில் இருக்கிறது. பக்கத்துக் காவல் கொட்டகையில் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தால் கம்பி மேலே போகும். சந்துக்காரர்கள் வண்டியில் வந்து ஹாரன் அடித்தால் காவல்காரர் பாக் கிமின் டொமினோக் காயிலிருந்து கண்ணை எடுக்காமலே கயிற்றை இழுத்துவிடுவார். நடந்து வருபவர்கள் குனிந்து போக வேண்டும். வயிற்றில் தையல் இருக்கிறது, பிள்ளை மார்பில் இருக்கிறான், எனக்கும் கொஞ்சம் தூக்கக் கூடாதா என்று கேட்டேன். “வண்டிக்குத் தூக்கணும்னுதான் தீர்மானம் போட்டிருக்காங்க. நடக்கறவங்களப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லலியேம்மா” என்றார். பாக் கிமின் கெட்ட மனிதர் அல்ல. தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர், அவ்வளவுதான். கம்பிக்குக் கால் நடுவதற்காகக் கொட்டகைக்கு முன்னால் சாக்கடை மேலிருந்த சிமெண்ட் பலகையைத் தோண்டி எடுத்தார்கள். அது இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சாக்கடை திறந்தே கிடக்கிறது. எச்சரிக்கையாக ஒரு குச்சியில் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறார்கள். கினாசிக்கு அந்தப் பை மிகவும் பிடித்திருக்கிறது.

4. இனி சம்பவம். அன்று காலை தனுவைக் கட்டிக்கொண்டு, கினாசியைக் கையில் பிடித்து முனைக்கு வந்தேன். கொட்டகையில் பாக் கிமினும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கையால் தனுவின் தலையைத் தாங்கிக்கொண்டு குனிந்தேன். தையல் சுரீரென்று இழுத்ததில் மறு கை தளர்ந்துவிட்டது. கினாசிக்குக் குனிய வேண்டிய அவசியமே இல்லை. கம்பிக்கு அடியில் நிமிர்ந்தபடி ஓடினாள். சாலைக்கே போய்விட்டாள். நான் கம்பிக்கு அடியில், நிமிரவும் முடியாமல் முன்னால் போகவும் முடியாமல் மாட்டிக்கொண்டேன்.

உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கடக்கும்போது உடம்பைக் குறுக்கி, வலக்கையைத் தாழ்த்தி, ‘பாக்’ என்று மரியாதையாக அழைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது நம் பழக்கம் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த நேரத்தில் நான் எப்படி இருந்தேன் என்றால், குறுகி இருந்தேன், கை தாழ்ந்து இருந்தது. குழந்தையைப் பிடியுங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பெரியவர்களை அழைக்கும்போது நாக்கு தானாக எங்கே போகுமோ அங்கேதான் போனது. “மன்னிச்சுக்கணும் பாக்...” என்றேன். மிச்சத்தைச் சொல்வதற்கு மூச்சு இல்லை. அவர்கள் எல்லோரும் ஒரே குரலில், “போங்கம்மா, தாராளமா போங்க” என்றார்கள். எனக்கு வழி விடுவதற்காக நீட்டியிருந்த கால்களையும் மடக்கிக்கொண்டார்கள். தலையசைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் என் மகள் சாலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மினி பஸ் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. பிரேக் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கம்பிக்கு அடியில் இருந்த என்னைப் பார்த்து, “பெத்தா மட்டும் போதுமா, கையப் புடிக்க வேணாமா?” என்று கேட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அன்று முழுவதும் பால் கொடுக்க உட்கார்ந்தால் அந்தப் பிரேக் சத்தம்தான் காதில் கேட்டது.

5. இதைத் தெருத் தலைவர் கவனத்துக்குக் கொண்டுபோனேன். கூட்டம் ஆண்கள் கூடுவது என்பதால், அவருடைய மனைவி திருமதி ஹர்ஜோசோ மூலமாகச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். கம்பிக்கு அடியில் குழந்தை புகுந்து ஓடிவிட்டது, ஏதாவது செய்யுங்கள் என்று மட்டுமே சொன்னேன். கூட்டத்தில் முதலில் என் நடத்தை பேசப்பட்டதாகத் தெரிகிறது. முப்பத்தைந்து நாள் சலாப்பான் முடியாத பச்சைக் குழந்தையை வாசல் தாண்டி எடுத்துப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்களாம். அந்த வழக்கம் எனக்கும் தெரியும். கினாசி பிறந்தபோது ஒழுங்காகக் கடைப்பிடித்தவள்தான். ஆனால் தனுவின் மஞ்சளுக்கு அந்த வழக்கம் தெரியாது. பிறகு, குழந்தைகளின் பாதுகாப்பு கருதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி வேலை செய்வதாகத் தீர்மானம் ஆனது.

ஞாயிறு காலை சம்மட்டிச் சத்தம் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கம்பியை எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். தனுவை முதுகில் மாற்றிக் கட்டிக்கொண்டு, கினாசி அடுப்புப் பக்கம் வராமல் காலால் தடுத்துக்கொண்டே ஒரு கூடை வாழைக்காய் பொரித்து, சூடாகக் கொடுத்தனுப்பினேன். எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டதாகவும், இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டதாகவும் சொன்னார்கள். இரண்டாவது தடவையும் பொரித்தேன்.

மாலையில் போய்ப் பார்த்தேன். முதல் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. குழந்தைகள் அடியில் புகாமல் இருக்க, முழங்கால் உயரத்தில் இரண்டாவது கம்பி ஒன்றை முதல் கம்பியோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். இரண்டுக்கும் சுதந்திர தினத்தை முன்னிட்டுக் கொடியின் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்திருந்தது. பாக் ஹர்ஜோசோ அவர்கள் என்னைப் பார்த்து, “இனிமே நிம்மதியா இருங்கம்மா” என்றார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது, ஐயா? வாயெல்லாம் என் வாழைக்காய் எண்ணெயோடு நின்றிருந்தார்கள்.

6. இரண்டாவது கம்பி வந்ததால் பாதுகாப்பு கூடிவிட்டது, ஆகவே பகலில் காவல் வேண்டாம் என்று அடுத்த தீர்மானம். இப்போது கம்பியைப் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு, சாவிகளைச் சந்துக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி எண்ணைப் பதிவு செய்தவர்களுக்குத்தான் சாவி. நானும் கேட்டேன். வண்டி எண் என்ன என்றார்கள். எனக்கு வண்டி இல்லை என்றேன். அப்படியானால் சாவி எதற்கு என்றார்கள்.

7. தற்போதைய நிலை இதுதான். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் உடம்பை மடக்கி, ஒரு காலை முதலில் அந்தப் பக்கம் போட்டு நுழைய வேண்டும். தனுவை மார்பில் கட்டியபடி நுழைந்து பார்த்தேன். அவன் நெற்றி இரும்பில் பட்டது. சின்னச் சிவப்புதான். அவன் அழவில்லை, நான்தான் அழுதேன். முதுகில் கட்டிப் பார்த்தேன், மேல்கம்பி அவன் தலைக்குச் சரியாக வருகிறது. ஆகவே அவனைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டுத்தான் நான் நுழைய முடியும். கினாசியைத் தூக்கித்தான் தாண்டவைக்க வேண்டும். காவலோடு டொமினோ ஆட்டமும் நின்றுவிட்டதால், காலையில் கொட்டகையில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கொட்டகைத் திண்ணையில் தனுவை வைத்தால் கினாசி சாக்கடைப் பையைப் பிடிக்கப் போகிறாள். அவளை அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் சாலைக்குப் போகிறாள். நான் முதலில் அந்தப் பக்கம் போனால் இரண்டு பேருமே சாக்கடையோரம் இருக்கிறார்கள்.

சென்ற இரண்டு தடவையும் முனைவரை போய், நின்று பார்த்துவிட்டு, வீடு திரும்பிவிட்டேன். எதிரே பெயர்ப்பலகை தெரிந்தது. செவிலியர் வெளியே வந்து ஒரு முறை கையசைத்தார். நானும் கையசைத்தேன். அந்தச் சாலைச் சத்தத்தில் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. தனுவின் எடை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தெரியவில்லை. பால் குடிக்கும்போது பாதியிலேயே தூங்கிவிடுகிறான். இன்று காலை வெயிலில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கண்ணுக்கும் வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

8. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) திருட்டைத் தடுப்பதற்கு நான் எதிரி அல்ல. இரவில் இரண்டு கம்பி அல்ல, நான்கு கம்பி போட்டாலும் சரி. பகலில் மட்டும் கம்பியைத் தூக்கி வைக்க ஆணையிட வேண்டுகிறேன்.

ஆ) சாக்கடைப் பலகையைப் பழைய இடத்தில் போடச் சொல்லவும். அது சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. தேடவேண்டியதில்லை.

இ) மேற்கண்டவை தாமதமாகும் என்றால் எனக்கும் ஒரு சாவி வழங்கப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். பதிவேட்டில் எழுத ஏதாவது எண் அவசியம் என்றால், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எண்களையும் தரத் தயாராக இருக்கிறேன்.

இந்த மனுவை நாளை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் சாவி இருக்கிறது, அதனால் மனு தங்களிடம் தடையின்றி வந்துசேரும். அவர் கிளம்பும்போது சுகாதார நிலையம் திறந்திருக்காது. அது திறந்ததும், தங்களிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும், நான் பிள்ளைகளோடு முனைக்குப் போயாக வேண்டும். இனி ஒரு நாள் தள்ளிப்போட எனக்குத் துணிவு இல்லை.

அதற்குள் எந்த ஆணையும் பிறப்பிக்க இயலாவிட்டால், ஒன்றே ஒன்றை மட்டும் அலுவலக முத்திரையோடு எழுதி அனுப்பினால் போதும். இந்தப் பக்கம் சாக்கடை, அந்தப் பக்கம் சாலை. என்னிடம் இருப்பது இரண்டு பிள்ளைகள். அவர்களில் யாரை முதலில் கீழே விடுவது, எந்தப் பக்கத்தில் விடுவது என்று தாங்களே தீர்மானித்துத் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஹெனி விடியானிங்சி
தனு, கினாசி இருவரின் தாய்

இடம்: கெமுனிங்சாரி, சோலோ
நாள்: ஆகஸ்ட் 14

நகல்: தெருத் தலைவர் பாக் ஹர்ஜோசோ அவர்களுக்கு, மரியாதையுடன், தகவலுக்காக.