நாடா எட்டவில்லை

என் பிரியமானவருக்கு,

துணியா, துணி உறைக்குள் பஞ்சுப் பட்டையா, கடையில் விற்கும் டயப்பரா என்று நாம் போட்ட சண்டைக்கு முடிவு கட்டிவிட்டேன். துணிதான். எறிந்தால் போனது போனதுதான். துணி, துவைத்தால் திரும்பி வரும்.

தொட்டிலைக் கழற்றச் சொல்லி எழுதியிருந்தீர்கள். கழற்றவில்லை.

நேற்று கொடியில் காயும் துணிகளைப் பார்த்துவிட்டு உங்கள் தங்கை, "பிள்ளையே போனப்புறம் இதெல்லாம் யாருக்கு அண்ணி?" என்று அழுதாள். தொட்டிலில் கிடந்த துணியை எடுத்து அவள் கையில் வைத்தேன். நனைந்து, வெதுவெதுப்பாக இருந்தது. அழுகை நின்றுவிட்டது. இன்று அவளே துவைக்கிறாள்.

வரும்போது துணிகளை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தைத்து வாங்கி வாருங்கள். பழையதில் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி நாடா எட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா