பெற்றவள் ஊற்றிய தண்ணீர்

13.3.2023
பொட்டு வைத்துக்கொண்டு பட்டாசு ஆலை வேனில் ஏறினேன். வீட்டுக்காரர் வெடிவிபத்தில் போய் ஒரு வருடமாகிவிட்டது. இனியும் ஏன் வைக்கக் கூடாது? பக்கத்திலிருந்த மாரித்தாய் எழுந்து பின் சீட்டுக்குப் போனாள்.

"வெடிமருந்துல கை வைக்கப் போறோம். காலங்காத்தால இவ மொகத்துலயா முழிக்கணும்?"

ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

20.3.2023
இனி பெட்டி ஒட்டினால் போதும், மருந்து அறைப் பக்கம் வர வேண்டாம் என்றார் போர்மேன். "மத்தவுக பயப்படுறாக." அந்தச் சின்ன அறைக்குள் அத்தனை பேரை அடைத்திருப்பதற்கு யாரும் பயப்படவில்லை.

2.6.2023
மகள் பிரீத்திகாவுக்குச் சடங்கு வைக்க வேண்டும். கொழுந்தன் தனுஷ்கோடி வந்தார்.

"மதினி, நீங்க உள்ள இருந்துக்கோங்க. என் வீட்டுக்காரி தண்ணி ஊத்தட்டும்."

"பெத்தவ நான் ஊத்துறேன்."

"ஊர்ல ஒருத்தரும் வர மாட்டாக."

"வராட்டிப் போகட்டும்."

தனுஷ்கோடியைப் பெற்ற அத்தை எழுந்து உள்ளே போனார். மாமா இறந்த நாளிலிருந்து எந்த விசேஷத்திலும் அவர் முன்னால் நின்றதில்லை.

11.6.2023
ஊர் வரவில்லை. என் தம்பி சீர்த்தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனான். எதிர்வீட்டு இருளம்மாள் மட்டும், அதுவும் பின்வாசல் வழியாக.

ஊற்றினேன். பிள்ளை அழுதது தண்ணீரில் தெரியவில்லை. தோள் குலுங்கியதில் தெரிந்தது. பிறகு சொன்னாள்: "ஒங்களாலதாம்மா ஒருத்தரும் வரல."

நான் செய்தது சரிதானே? வீம்பு எனக்கு, அழுகை எம்புள்ளைக்கா—

12.6.2023
வேலைக்குப் போகவில்லை.

23.8.2024
மதியம் ஆலையில் வெடிச்சத்தம் கேட்டது. கிழக்கே இருந்த அறைகள். மாரித்தாயின் புருஷன் சங்கிலிமுத்துவும் உள்ளே இருந்திருக்கிறார்.

24.8.2024
எங்கள் தெருவில் இது எத்தனையாவது வீடு? எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

3.2.2025
மாரித்தாய் வந்து வாசலிலேயே நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"மக பெரியமனுசி ஆயிட்டா. எம்புள்ளைக்கு நான் தண்ணி ஊத்துனா தப்பில்லையே?"

வேனில் சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறதா? கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நீதான் ஊத்தணும். நான் பக்கத்துல நிக்கேன்."

9.2.2025
தெருவே வந்திருந்தது. மாரித்தாய் ஊற்றினாள். "மதினி, நீங்க வாங்க" என்று தனுஷ்கோடியே கூப்பிட்டார். எனக்குப் பிறகு யாரும் அழைக்காமலே அத்தை எழுந்து வந்து செம்பை வாங்கினார்.

மனசுதான் மாறியதா? தாலியோடு இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டால் எங்கள் தெருவில் இப்போது ஆள் போதாது. அதுவும் உண்மை.

"இப்பல்லாம் இப்பிடித்தான செய்றாக" என்றார்கள் பந்தியில். எப்போதிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரீத்திகா வர மறுத்துவிட்டாள். நான் வீடு திரும்பியதும் கேட்டாள்:

"நெறையப் பேரு வந்தாகளாம்மா?"

"ஆமாத்தா."

புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை.