பதினைந்தாம் எண் கம்பம்

பதின்மூன்று இல்லை. பதினைந்து. இன்று காலை கண்ணால் பார்த்தேன்.

சானடோரியம் நிலையம் தாண்டியதும் சிக்னலுக்காக ரயில் நின்றது. எதிர்ப் பாதை காலி. மகளிர் பெட்டி ஜன்னலுக்கு நேராக அந்த மின்கம்பம். அதன் மேல் பதினைந்து என்ற எண். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கையில் இரும்பு வாசனை.

அன்றைக்கு இதே ஜன்னலில் நீ போனைப் பிடித்து வீடியோ எடுத்தாய். குரோம்பேட்டை வரை வரும் கம்பங்களின் எண்களை வரிசையாக ஒட்டினால் ஒரு பெரிய எண் கிடைக்கும், அதன் காரணிகளைத் தேடலாம் என்றாய். ஒரே ஒரு கம்பத்தை எதிர் ரயில் மறைத்துவிட்டது. அதற்கு முந்தையது பதினொன்று. அடுத்ததில் புதிய கிலோமீட்டர் தொடங்கி, எண் மறுபடி ஒன்றுக்குத் திரும்பியிருந்தது.

"ஒத்தப்படையாத்தானேடி வருது. பதிமூணுதான். வேற என்ன வரும்?" என்றாய்.

"பாக்காம எப்படிடி போடறது?"

"நீயெல்லாம் எம்.எஸ்சி. மேத்ஸ்! வரிசைய நம்புடி."

கணக்குப் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. பதின்மூன்றாம் கம்பம் என்று ஒன்று இல்லாமலே இருக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை.

குரோம்பேட்டை நடைமேடையில் உட்கார்ந்து இலக்கங்களைக் கூட்டினோம். எண் மூன்றால் வகுபட்டது. நீ கைதட்டினாய். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "இன்னாம்மா, பாஸாயிட்டியா?" என்றாள்.

பிறகு உன் லேப்டாப்பில் இன்னும் சில சின்னக் காரணிகளை உதிர்த்தோம். மிச்சம் நூறு இலக்கத்துக்கும் மேல். பகா எண்ணா என்று சோதித்தோம். இரண்டை, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். பகா எண் என்றால் மீதி ஒன்று. வரவில்லை. ஆகவே பகு எண். நொடியில் தெரிந்துவிட்டது. எது அதை வகுக்கும் என்பது மட்டும் தெரியவில்லை.

"வகுபடும்னு தெரியும். எதாலன்னு தெரியாது. எப்படிடி இது?" அன்று முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தாய். காரணியைத் தேட ஒரு நிரலை ஓடவிட்டாய். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சலில் படுத்தாய். மருத்துவமனையிலிருந்து நீ திரும்பவில்லை. நிரல் நிற்கவில்லை.

இன்று மாலை சிட்லபாக்கத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மேசையில் அது இன்னும் ஓடுகிறது.

"அந்த ஃபேன் சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துடுதும்மா," என்றார் உன் அம்மா. "சூடாகி வெடிக்கப் போகுதுன்னு அவ அப்பா கத்தறாரு. அதுல ஏதாச்சும் இருக்கா? இல்லன்னா சொல்லிடு, நிறுத்திடறேன்."

ரயிலிலேயே கணக்குப் போட்டிருந்தேன். மூன்று ஐந்தாக மாறினால் இலக்கங்களின் கூட்டுத்தொகையில் இரண்டு கூடும். நீ கைதட்டிய அந்த மூன்று என்ற காரணி காணாமல் போகும். அது தண்டவாளத்தில் இருந்ததல்ல, உன் ஊகத்தில் பிறந்தது.

இன்னும் கொஞ்சம் யோசித்தேன். உன் எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் இரண்டு, அதன் பின்னால் பூஜ்யங்கள். இரு எண்களையும் வகுக்கும் எதுவும் இந்த வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். அதில் இரண்டையும் ஐந்தையும் தவிர வேறு பகா எண் கிடையாது. நம் எண் முடிவதோ ஏழில்; இரண்டும் ஐந்தும் அதை வகுக்காது. அப்படியானால் ஒன்றைத் தவிர இரு எண்களுக்கும் பொதுவாக எதுவுமே இல்லை. இந்த லேப்டாப் எதைக் கண்டுபிடித்தாலும் அது தண்டவாளத்து எண்ணை வகுக்காது. உன்னுடையதை மட்டும் வகுக்கும்.

சரியான எண்ணைப் போட்டு முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் ஜன்னலில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பதின்மூன்று உள்ள எண் நீ இல்லாமல் வந்திருக்காது.

"இருக்கு ஆன்ட்டி. நிச்சயமா இருக்கு. எப்ப கிடைக்கும்னுதான் தெரியாது."

"நான் இருக்கும்போதே கிடைக்குமா?"

"தெரியல ஆன்ட்டி."

"இருக்கு, இல்ல?"

"இருக்கு."

"அப்ப ஓடட்டும்."

லேப்டாப்பைத் தூக்கி, அடியில் காற்றுப் போக நான்கு பாட்டில் மூடிகளை வைத்தேன். தூசியைத் துடைத்தேன். சானடோரியம் வரை நடந்துபோய் ரயில் ஏறினேன்.