தண்ணீர் பற்றிய தாள்

வெள்ளவத்தை
04.02.2024

அன்புள்ள டெரிக்,

உமது கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கீழ்மாடியில் குடியிருக்கும் றஸ்மியா கொண்டுவந்து தந்தார். மின்சாரக் கட்டணப் பட்டியலைத் தவிர எனக்குத் தபாலில் எதுவும் வருவதில்லை. கையால் எழுதிய முகவரியைப் பார்த்ததும், "ஐயா, இது உங்களுக்குத்தானா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். கப்பல் பட்டறையில் நான் வரைபடம் வரைய, நீர் வெல்டிங் செய்த அந்த நாட்கள் முடிந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் உறையைப் பார்த்த உடனேயே உமது எழுத்து என்று கண்டுகொண்டேன். இரும்புத் தகட்டில் சோக்கால் எழுதுவதைப் போலத்தான் இன்னமும் எழுதுகிறீர்.

தொலைபேசியில் எடுக்காமல் எழுதியது நல்லது. எனது காது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. மெல்பேர்னிலிருந்து மகள் சுபாஷினி வீடியோவில் எடுப்பாள். நான் அவளுடைய வாயைப் பார்த்துத் தலையாட்டுவேன். பிறகு "சரி அப்பா" என்று கைகாட்டி வைத்துவிடுவாள்.

உம்மிடம் வேலை தந்திருக்கும் றொஹானின் வேகப் படகுக்கு, புகை போவதற்குக் கம்பனி போட்ட வார்ப்பிரும்பு மனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடர் செய்து போட்டால் எஞ்சினின் வலு எவ்வளவு கூடும் என்று கேட்டிருக்கிறீர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

வார்ப்பிரும்பு மனிஃபோல்டில், எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே பெட்டிக்குள் போய் விழுகிறது. உங்கள் மாதா கோவில் திருநாளில் பூசை முடிந்து எல்லாரும் ஒரே வாசலால் வரப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளும். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரைத் தடுக்கிறார். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய். எல்லாம் ஒரே நீளத்தில் போய், தூரத்தில் ஒன்றுசேரும். நீளம் சரியாக இருந்தால், முன்னே போன புகை தனக்குப் பின்னால் ஒரு வெறுமையை விட்டுச் செல்லும். அது அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்தெடுக்கும். சிலிண்டர் நன்றாக வெறுமையானால் புதிய காற்றும் பெற்றோலும் கூடுதலாக உள்ளே வரும். வலு அங்கிருந்துதான் வருகிறது.

எஞ்சினில் வேறெதையும் மாற்றாவிட்டால் பதினைந்து, இருபது குதிரைவலுவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதுவும் வேகமாகச் சுற்றும்போது மட்டும்தான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் மாற்றினால் இன்னும் நிறையக் கூடும்.

முக்கியமான ஒரு விடயம் மீதி இருக்கிறது. உமது பதில் கண்டபின் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எவ்லினுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
க. நமசிவாயம்

---

கொட்டாஞ்சேனை
12.02.2024

அன்புள்ள சேர்,

கடிதம் கிடைத்தது. கோவில் வாசல் கதையை எவ்லினுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்கட சேர் சைவக்காரர், எங்கட கோவில்ல சனம் தள்ளுப்படுறது அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். பட்டறையில் என்னை "திருநாளுக்கு லீவு" என்று அனுப்பிவிட்டு, பின்னேரம் நீங்களும் வந்து ஓரமாக நின்றதைச் சொன்னேன்.

றொஹானுக்குப் பொறுமை இல்லை. மட்டக்குளியில் நான் வைத்திருக்கும் கொட்டிலுக்கு ஒவ்வொரு நாளும் வருகிறான். சிங்களத்தில் அண்ணன் முறை வைத்து, "அய்யே, இன்னும் குழாய் வளைக்கிறீங்களா? நீங்க முடிக்கும்போது நான் கிழவன் ஆயிருவேன்" என்று சொல்வான். நானும் தம்பி முறை வைத்து, "மல்லி, நீ இப்பவே பாதிக் கிழவன்தான்" என்று சொல்வேன். சித்திரைப் புத்தாண்டுக்கு பொல்கொடை வாவியில் ஓட்டப் போட்டி. அதற்கு முன் பங்குனிக் கடைசியில் படகை இறக்க வேண்டும் என்கிறான்.

ரேஸ் கேம் ஷாஃப்ட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுத்துப் போட்டாயிற்று. எஞ்சின் இப்போது மெதுவாக ஓடும்போது ஒரே சீராக ஓடாமல் இருமுகிறது. வேகம் எடுத்தால் சிங்கம்தான். ஹெடரை இரட்டைச் சுவராகச் செய்கிறேன். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் குளிர்விக்கும் தண்ணீர் ஓடி, முடிவில் புகையோடு கலந்து வெளியே போகும்.

குழாய் என்ன நீளம் வைக்கட்டும்? அந்த முக்கியமான விடயம் என்ன சேர்? அதையும் எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள,
டெரிக்

---

வெள்ளவத்தை
17.02.2024

அன்புள்ள டெரிக்,

கடிதம் மூன்றே நாளில் வந்துவிட்டது. காலையில் ஒரு தரம், சாப்பிட்டபின் ஒரு தரம் வாசித்தேன். பாதிக் கிழவன் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும். றஸ்மியா மேலே வந்து என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் போனார்.

குழாயின் நீளத்துக்கு முப்பது அங்குலத்தில் தொடங்கும். எட்டுக் குழாய்களுக்கும் இடையில் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வளைவை உள்ளே அளக்க வேண்டாம், வெளியேயும் அளக்க வேண்டாம். குழாயின் நடுக்கோட்டில் ஒரு கம்பியை வளைத்து, பிறகு கம்பியை நிமிர்த்தி அளவும். இதையெல்லாம் உமக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனாலும் ஒன்றையும் விடாமல் எழுதினால்தான் எனக்கு மனம் அமைதியடையும்.

நீர் கேட்ட முக்கியமான விடயம், தண்ணீர் புகையோடு கலக்கும் இடத்தைப் பற்றியது. அதை ஒரு புத்தகத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு எழுதுவதுதான் முறை. பங்குனிக் கடைசிவரை காலம் இருப்பதால் அவசரம் இல்லை. அடுத்த கடிதத்தில் விளக்கமாக எழுதுகிறேன்.

இங்கே புதினம் ஒன்றும் இல்லை. கடற்காற்றில் யன்னல் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. பின்னேரத்தில் ரயில் பாதைவரை நடந்துவிட்டு வருகிறேன். கொட்டிலில் இன்னும் யார் யார் வேலை செய்கிறார்கள்? மதியம் என்ன சாப்பிடுகிறீர்? இவற்றையும் எழுதும்.

இப்படிக்கு,
க. நமசிவாயம்

---

கொட்டாஞ்சேனை
09.03.2024

அன்புள்ள சேர்,

நல்ல செய்தி எழுத முடியவில்லை. எஞ்சின் உடைந்துவிட்டது.

றொஹானின் அம்மா இத்தாலியிலிருந்து வந்திருந்தா. திரும்பிப் போக முன்னம் பாதரைக் கொண்டு படகை மந்திரிக்க வேண்டும் என்று சொன்னதால், போன ஞாயிறு பின்னேரமே வாவியில் இறக்கிவிட்டோம். உங்கள் அடுத்த கடிதம் வரும்வரை பொறுக்கச் சொன்னேன். கேட்கவில்லை. பாதர் வந்தார், சொந்தக்காரர் நாற்பது பேர் வந்தார்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, சத்தம் சரியென்றதும் நிறுத்தப் போனேன். றொஹான் விடவில்லை. "அய்யே, நிப்பாட்ட வேணாம். அம்மாவுக்கு சத்தம் கேக்கணும்" என்றான். பாதர் நீளமாகச் செபித்தார். பிறகு மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். முக்கால் மணித்தியாலம் எஞ்சின் இருமிக்கொண்டே மெதுவாக ஓடியது.

பிறகு றொஹான் ஏறி ஒரேயடியாக முடுக்கினான். சுத்தியலால் அடித்ததைப் போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அங்கேயே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு சிலிண்டருக்குள் தண்ணீர். பிறகு கொட்டிலில் பிரித்தபோது, அந்த இரண்டிலும் பிஸ்டனைத் தாங்கும் கொனக்டிங் ரொட் வளைந்திருந்தது. அன்று கரையில் றொஹான் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அய்யே, உங்க வெல்டிங் உள்ளுக்க தண்ணி விட்டிருக்கு. கண் இப்ப சரியில்ல போல. வயசு தானே" என்று மெதுவாகச் சொன்னான். நாற்பது பேரும் நின்றார்கள்.

அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். உள்சுவரில் எங்கோ ஊசித்துளை விட்டிருக்கிறேன். வீட்டில் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். நடுக்கம் இருக்கிறதோ இல்லையோ தெரியவில்லை. எவ்லின் ஒன்றும் இல்லை என்கிறாள். மாதக் கடைசியில் கொட்டிலைத் திருப்பிக் கொடுப்பதாக அதன் உரிமையாளருக்குச் சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு வருடம் வெல்டிங் செய்தது போதும்.

நீங்கள் ஒவ்வொரு அங்குலமும் பார்த்து எழுதினீர்கள். நான்தான் கெடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும் சேர்.

டெரிக்

---

வெள்ளவத்தை
15.03.2024
(பதிவுத் தபால்)

அன்புள்ள டெரிக்,

நீர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர். அந்த வரியை வாசித்தபின் மூன்று நாள் நான் எதுவும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் உமக்கு ஒருபோதும் தெரியவராது என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் மூன்று நாளும் இருந்தேன். அதையும் நீர் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. ஹெடரின் தண்ணீர் வழிகளை அடைத்து, ஒரு பக்கத்தால் காற்று அழுத்தி, முழுவதையும் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தும். கால் மணித்தியாலம் பாரும். ஒரு குமிழியும் வராது என்று நம்புகிறேன். உமது வெல்டிங் தண்ணீர் விடவில்லை.

தண்ணீர் வெளியிலிருந்து பின்னோக்கி வந்திருக்கிறது. ரேஸ் கேம் ஷாஃப்டில் உள்ளே எடுக்கும் வால்வும் வெளியே விடும் வால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். எஞ்சின் வேகமாக ஓடும்போது அது நன்மை. மெதுவாக ஓடும்போது சிலிண்டர் புகையை வெளியே தள்ளுவதற்குப் பதிலாகக் கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சும். அந்த இருமல் அதுதான். புகையோடு தண்ணீர் கலக்கும் இடம் கிட்ட இருந்தால், தண்ணீரும் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். முக்கால் மணித்தியாலம் அப்படி ஓடினால் சிலிண்டரில் தண்ணீர் தேங்கிவிடும். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. முடுக்கியதும் ரொட் வளைந்துவிடும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தண்ணீரைப் புகையோடு சேர்க்காமல் தனிக் குழாயில் கடைசிவரை கொண்டுபோக வேண்டும், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் கீழே எஞ்சினை ஓடவிடக்கூடாது, நீண்ட நேரம் சும்மா ஓடவிடவே கூடாது என்றெல்லாம் அதில் படத்தோடு இருக்கிறது. அதன் மேலே உள்ள திகதியைப் பாரும். 15.02.2024. நீர் கேம் ஷாஃப்டைப் பற்றி எழுதிய கடிதம் கிடைத்த அன்றே எழுதியது. திகதியை நான் மாற்றவில்லை. புத்தகம் எதையும் பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து உமக்குக் கடிதம் எழுதியபோது இந்தத் தாள் மேசையில்தான் கிடந்தது. வேண்டுமென்றே வைக்காமல் விட்டேன்.

முழுவதையும் சொல்லிவிட்டால் நீர் எழுதுவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. தபால்காரர் இங்கே பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் வருவார். பெப்ரவரியில் அந்த நேரத்துக்கு நான் கதவைத் திறந்து வைத்திருக்கத் தொடங்கினேன். எழுபத்தொன்பது வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் தாளையும் றொஹானிடம் காட்டும். அன்று நின்ற நாற்பது பேருக்கும் காட்டினாலும் சரிதான். கொட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

க. நமசிவாயம்

---

கொட்டாஞ்சேனை
05.04.2024

சேர்,

சோதித்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. அரை மணித்தியாலம் பார்த்தேன். றொஹானையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தேன். கடிதத்தைச் சிங்களத்தில் சொன்னேன். அவன், "சொறி அய்யே" என்றான். கொட்டில் என்னிடமே இருக்கிறது.

தாளில் உள்ளபடி தண்ணீரைத் தனிக் குழாயில் எடுத்தோம். ரொட்டும் மாற்றியாயிற்று. புதன்கிழமை ஓட்டிப் பார்த்தோம். முன்பு நாலாயிரத்து அறுநூறுக்கு மேல் ஏறாத எஞ்சின் இப்போது ஐயாயிரத்து இருநூறு சுற்றுகிறது. நீங்கள் சொன்ன வலு இருக்கிறது. ஆனால் படகின் வேகம் அந்த அளவுக்குக் கூடவில்லை. புறொப்பெலரில் ஏதோ விடயம் இருக்கிறது. அதை உங்களிடம் கேட்கப் போவதில்லை. நீர்கொழும்பில் ஒருவர் இருக்கிறார்.

அந்தத் திகதியை முதலில் கண்டது எவ்லின். "இந்த மனுசன் ஒரு மாசமா இத வெச்சிக்கிட்டா இருந்தாரு?" என்று கேட்டாள். பிறகு, "பாவம், தனிய இருக்கிறாரு" என்றும் அவளேதான் சொன்னாள். நான் அப்படிச் சொல்லவில்லை சேர். பதினைந்து நாள் நான் என் கையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கும்போதும் பார்த்தேன்.

வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். "வா" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அந்த ஞாயிறே வந்திருப்பேன்.

டெரிக்

---

வெள்ளவத்தை
10.04.2024

அன்புள்ள டெரிக்,

ஒரு குமிழியும் வரவில்லை என்பதை அறிந்தேன். அது போதும்.

இத்துடன் பதினொரு தாள்கள் அனுப்புகிறேன். மூன்றாவது தாள் புறொப்பெலர் பற்றியது. எஞ்சின் சுலபமாகச் சுற்றுகிறது, படகு அதற்கேற்ப ஓடவில்லை என்றால், பிற்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னே போகும் தூரம், இரண்டு அங்குலம் கூடிய புறொப்பெலர் போட்டுப் பார்க்க வேண்டும். சுற்று முந்நூறு, நானூறு குறையும், வேகம் கூடும். நீர்கொழும்புக்காரரிடமும் கேளும். நான் சொல்வது பிழையாகவும் இருக்கலாம். மற்றத் தாள்களில் ஹெடரின் காஸ்கற், எண்ணெய் குளிர்விப்பது, பெற்றோல் கலவை, தீப்பொறி நேரம், உப்புத் தண்ணீரில் ஓடியபின் கழுவும் முறை என்று நீர் எப்போதாவது கேட்கக்கூடியவை எல்லாம் இருக்கின்றன. இவற்றைப் பெப்ரவரியிலிருந்து எழுதி வைத்திருந்தேன். கடிதத்துக்கு ஒன்றாக அனுப்பினால் ஒரு வருடத்துக்குப் போதும் என்று கணக்குப் பார்த்து வைத்தவை.

இப்போது என்னிடம் ஒன்றும் மீதி இல்லை. மேசை லாச்சியையும் இழுத்துப் பார்த்துவிட்டேன்.

நீர் சொன்ன அந்த ஒரு சொல்லை இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுத நினைத்தேன். இரண்டு தாள் பழுதாகிவிட்டது. இந்த நிலையில் அதை எழுதினால், நடந்ததற்கு உம்மிடமே ஆறுதல் கேட்பது போலாகிவிடும். அதனால் எழுதவில்லை.

இந்தத் தாள்களுக்குப் பிறகு எதற்காகவும் நீர் என்னைக் கேட்க வேண்டியிராது. ஆகவே இனி உம்மிடமிருந்து ஒரு கடிதம் வந்தால், அது எதையும் கேட்பதற்காக வந்ததல்ல என்று அறிந்துகொள்வேன். வராவிட்டால் அதுவும் எனக்கு விளங்கும்.

இப்படிக்கு,
க. நமசிவாயம்