தூக்கிவைத்து இறுக்கிய போல்ட்

பிப்ரவரி 4
ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், அதில் பதினொன்று கல் ரோடு. இந்தக் கிழட்டு ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. இன்று மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றித் திரும்பும்போது பள்ளத்துக்குப் பள்ளம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். புற்றுநோய் இடுப்பெலும்புக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். வீட்டில் படுக்க வைத்ததும், "அடுத்த தடவை நான் வரலைங்க. நோய் கொல்லுதோ இல்லையோ, இந்த வண்டி கொன்னுடும்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5
வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் அதிர்வு தாங்கும் ரப்பர் வளையம், புஷ், இருக்க வேண்டும். இருந்தது ரப்பரா கரித்தூளா தெரியவில்லை. இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்கின்றன. அவள் வலியில் பாதி இதனால்தான். ஊரார் வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் உளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், இதை ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை?

மெக்கானிக்கிடம் விடச் சொல்கிறாள் மைத்துனி. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், எனக்கும் சேர்த்து யோசிக்கிறாள். மெக்கானிக்கோ பத்து நாள் ஆகும் என்கிறார். எனக்குக் கை இல்லையா என்ன?

பிப்ரவரி 8
ஒரு போல்ட்டை அறுக்க அரை நாள். துரு.

பிப்ரவரி 9
முடிந்தது. புது புஷ்களைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பலகை ஒட்டும்போது போடும் கிளாம்ப்பை வைத்தே உள்ளே அழுத்தினேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்து, சக்கரங்கள் தொங்கியபடி இருக்க, எல்லா போல்ட்டையும் மூச்சைப் பிடித்து இறுக்கினேன். தச்சன் புத்தி. மூட்டு என்றால் அசையக் கூடாது.

ஜன்னலிலிருந்து, "கிழவிக்கு முட்டு மாத்தியாச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 18
கூட வந்தாள். பரவாயில்லை என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

மார்ச் 4
பாதி வழியில் அடியில் ஏதோ கிழிந்த மாதிரி சத்தம். அடுத்த பள்ளத்தில் அவள் கத்திவிட்டாள். பிரசவத்தில்கூடக் கத்தாதவள். ஐயோ, நான் பண்ணுன வேலைதான், நான் பண்ணுனதுதான்.

மார்ச் 5
மெக்கானிக் வந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி.

"தூக்கி வச்சா இறுக்குனீங்க?"

சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளுமாம். வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, ஓட ஓடக் கிழியுமாம். முதலில் லேசாக மாட்டி, தரையில் இறக்கி, பாரம் முழுவதும் சக்கரத்தில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டுமாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மார்ச் 6
அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 10
இனி வரமாட்டேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். வண்டியைச் சரி செய்துவிடுகிறேன், ஒரே ஒரு தடவை வா என்று கெஞ்சினேன்.

"இதெல்லாம் எனக்காகப் பண்றீங்களா, உங்களுக்காகப் பண்றீங்களா?"

கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும், அதான் உண்மை. சாப்பிடும் நேரத்தில் அவளாகவே, "சரி, ஒரு தடவை" என்றாள். எனக்காகத்தான்.

மார்ச் 14
எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். வண்டியைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் இருக்கையில் மைத்துனியை உட்கார வைத்து, பக்கத்து இருக்கையில் அவள் எடைக்குப் பலகைகளை அடுக்கினேன். ஐம்பத்தெட்டு கிலோ. பழைய கணக்கு. மைத்துனி பலகைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. இப்போது முப்பத்தொன்பது. மூன்று பலகையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு இறுக்கினேன்.

மார்ச் 18
டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் அழைத்து வந்து சிரமப்படுத்த வேண்டாம் என்றார். அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பள்ளத்தில்கூடச் சத்தம் இல்லை. கல் ரோட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள், வாயை லேசாகத் திறந்தபடி. வீட்டு வாசலில் மைத்துனி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வண்டியை நிறுத்தினால் இவள் விழித்துவிடுவாள். கையைக் காட்டிவிட்டு, வீட்டைத் தாண்டி, டீசல் முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.