காவிரிப் பாலத்தில் ஒரு கும்பிடு

ஆடி வெள்ளி, இரவு.

படுத்தால் தூக்கம் வரவில்லை. இன்று திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு காரில் ஸ்ரீரங்கம் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் ராஜகோபுரம் தெரிந்ததும் என் கணவர் வழக்கம்போல் ஸ்டியரிங்கை விட்டார். கண்ணை மூடி, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனதுக்குள் கும்பிட்டால் போதாதா என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. "ஓட்டும்போது பேசாத, கவனம் செதறுது" என்பதுதான் பதில்.

கார் இடப்பக்கம் நகர்ந்தது. அங்கே ஒருவர் மொபெட்டில் சின்னப் பெண்ணை முன்னால் நிற்க வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அலறிக்கொண்டே எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினேன். கண்ணாடி அவர் முழங்கையை உரசியதோடு போயிற்று.

"கண்ணத் தொறந்து ஓட்டுங்க சார்! புள்ள இருக்குல்ல?" என்று அவர் கத்தினார். இவர் என்னிடம்தான் திரும்பினார்: "ஏன் இப்படி அலறுற? நீ கத்துனதுலதான் தடுமாறிட்டேன்."

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. சாவி கேட்டால், நான் ஓட்டினால் அவருக்குப் பயமாம்.

வீட்டுக்கு வந்ததும் தன் அண்ணனுக்குப் போன். "பெருமாள்தான்ணா வண்டியத் திருப்பிவிட்டாரு!" நாளைக் காலை தன் பெயருக்கு அர்ச்சனையாம். அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெருமாள் திருப்பினாராம். வீங்கியிருப்பது என் மணிக்கட்டு. பேனா பிடிக்கவே வலிக்கிறது.