அக்கா வீட்டு முகவரி

1998 செப்டம்பர் 7, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். துணி எதுவும் காயவில்லை. அட்டனில் அக்கா வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். நான், கவிதா, ஒரு பெட்டி. இவர் நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து அறையில் தனியாக. சோறு வடிக்கத் தெரியாத மனுஷன். ரொட்டி சுட்டுத் தின்பார்.

எல்லாம் கவிதாவை டவுன் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் சேர்க்கத்தான். இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் கூட்டம். கிட்ட வீடு உள்ள பிள்ளைக்குத்தான் முதலில். எங்கள் லயம் பஸ்ஸில் முக்கால் மணி. ஆகவே விண்ணப்பத்தில் அக்கா வீடுதான் எங்கள் வீடு.

பொய்தான். பாதி டவுன் சொல்கிற பொய். தோட்டத்துப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு மாஸ்டர், அதில் ஒருவர் எப்போதும் லீவு. அங்கே படித்துவிட்டுத்தான் நான் பிள்ளைமடுவத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறேன். கவிதா ஆட்டக் கூடாது.

செப். 8, செவ்வாய்

விசாரிக்க டீச்சர்மார் வீடு வீடாக வருகிறார்களாம். நாள் சொல்ல மாட்டார்களாம். பக்கத்து வீட்டம்மா: "போன வருசம் அலுமாரியகூட தொறந்து பாத்தாங்க. புள்ள உடுப்பு இருக்கான்னு."

உடனே கவிதாவின் கவுன்கள் அலுமாரியில். செருப்பு வாசலில். பாக்கி: பிறப்புச் சான்றிதழ் பிரதி, எனக்குத் தலைவலி மாத்திரை.

அக்கா சமையலறைக்குள் விடுவதே இல்லை. "வந்த எடத்துல ஒனக்கென்ன வேல? போயி உக்காரு." சும்மா இருந்தால் எனக்கு நாள் போகாது.

செப். 10, வியாழன்

வந்தார்கள். அக்கா மார்க்கெட் போன நேரம் பார்த்து. இரண்டு பேர். பெரிய டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். மற்றவர் சின்னப் பெண். இந்த முகவரிக்கு வாங்கி வைத்த கடிதம், அலுமாரி, எல்லாம் பார்த்தார்கள். கவிதா கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே பதில். பெரியவர், "சரி, எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்று எழுந்தும் விட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "இருங்க டீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்." வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பிப் பழக்கமில்லை. என்ன செய்ய?

முதல் டின்னில் மிளகாய்த்தூள். அடுத்ததில் பயறு. மூன்றாவதில் அரிசிமா. கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருப்புவது? ஒரு மூடி கீழே விழுந்து உருண்டு, அவர்கள் இருந்த முன் ஹோல் வரைக்கும் போனது.

பெரிய டீச்சர் மூடியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "மேல் தட்டில பாருங்கோ." அங்கேதான் தேயிலை. அடுப்பையும் அவரே பற்றவைத்தார்.

நின்றபடியே குடித்து முடித்தார். "நல்ல தேத்தண்ணி, பிள்ளை. ஆனா இது உங்கட வீடு இல்லைத்தானே?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

"நான் கண்டதைத்தான் எழுதவேணும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

செப். 13, ஞாயிறு

மழை. இவர் வந்தார், மெலிந்து. நடந்ததைச் சொன்னேன். "தோட்டத்துக்காரிக்குத் தேயில எங்க இருக்குன்னு தெரியல!" விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சொல்கிறாள், பள்ளியில் பெயர்ப் பட்டியல் போடும்வரைக்கும் நானும் கவிதாவும் இங்கேயே இருக்கட்டும் என்று. யார் கண்டது?

செப். 18, வெள்ளி

வெயில். பள்ளிக்கூட வாசலில் பெயர்கள் போட்டுவிட்டார்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். கவிதா இல்லை.

கடைசிப் பெயர் பஜாருக்குப் பின்னால் நகரசபைக் குடியிருப்புப் பிள்ளை. தாய் தெருக்கூட்டுகிறவள், பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில். அவள் வீட்டுக்குப் பள்ளி மணி கேட்கும். நான் சொன்ன பொய் பலித்திருந்தால் அவள் வேறு மாதிரி அழுதிருப்பாள். கோபப்பட ஆள் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கவிதாவிடம், "நாளைக்கு நம்ம வீட்டுக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு வாரமாக எதுவுமே கேட்காத பிள்ளை, துள்ளிக் குதித்தாள்.

"நீ சொன்ன மாதிரியே இருந்தேன்தானேம்மா? அதான் வீட்டுக்கு விடுறாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.